அடங்கிய நிறத்தில் ஆங்கிலப் பிரபுக்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஸ்காட்லாந்து ஓவியர் ஆலன் ராம்சே தன் மனைவி மார்கரெட் லிண்ட்சேயை வரைந்த படத்தை அச்சிட்டிருந்தோம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் ஆயுள் முழுக்க முகம் வரைந்தே பிழைத்தவன் நான். அதனால் பதில்கள் கொஞ்சம் பட்டறைப் பக்கமாகச் சாய்ந்தே இருக்கும்.

பிரபு குடும்பத்துப் பெண் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் படத்தில் சிம்மாசனம் இல்லை, திரைச்சீலை இல்லை, கண்ணைப் பறிக்கும் நகை இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெரிய மனிதர்களை எல்லோரும் இப்படித்தான் வரைந்தார்களா? ஏன் இவ்வளவு அடக்கம்?
– கல்லூரி மாணவி, காட்பாடி

எல்லோரும் இல்லை அம்மா. அதனால்தான் இந்தப் படம் எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

முதலில் படத்தை இன்னொரு முறை பாருங்கள். ஏறக்குறைய 1758க்கும் 1760க்கும் இடையில் வரைந்தது. எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்தப் பெண் ஜாடியில் பூ அடுக்கிக்கொண்டிருக்கிறாள். யாரோ அறைக்குள் வந்திருக்கிறார்கள், வேலையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறாள். கையில் ஒரு ரோஜா. தோளில் லேஸ் துணி. பின்னால் சாம்பல் கலந்த ஒரு நிறம், அவ்வளவுதான். வந்தது அவள் கணவன் என்று படத்தில் எங்கும் எழுதவில்லை. அந்தப் பார்வையிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

மார்கரெட்டின் அப்பா சர் அலெக்சாண்டர் லிண்ட்சே. அம்மா வழியில், பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியான மேன்ஸ்பீல்டு பிரபுவின் சகோதரி மகள் இவள். ராம்சேயின் அப்பாவோ எடின்பரோவில் பொய்முடி கட்டும் தொழில் செய்து, அப்புறம் கவிஞராகவும் புத்தக வியாபாரியாகவும் ஆனவர். ராம்சே அவளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுக்கப் போனவர், அதோடு முதல் மனைவியை இழந்தவர். 1752-ல் இருவரும் வீட்டாரின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்தக் கதை தெரிந்த பிறகு படத்தைப் பார்த்தால், அந்தப் பெண்ணின் குலப்பெருமையை எடுத்துச் சொல்ல ராம்சேக்கு எத்தனை வழி இருந்திருக்கும் என்று தோன்றும். அத்தனையையும் விட்டுவிட்டுப் பூ அடுக்குவதை மட்டும் வைத்துக்கொண்டார்.

இனி உங்கள் கேள்வி. அதே காலத்தில் லண்டனில் ஜோஷுவா ரெனால்ட்ஸ் இருந்தார். 1753 வாக்கில் கெப்பல் என்ற கடற்படை அதிகாரியை ஆளுயரத்தில் வரைந்தார். பின்னால் கடல் கொந்தளிக்கிறது, முன்னால் கெப்பல் கையை நீட்டி நடந்து வருகிறார். நிற்கும் பாவனை பழைய ரோமானியச் சிலையில் இருந்து எடுத்தது. 1768-ல் ராயல் அகாதமி தொடங்கியபோது ரெனால்ட்ஸ்தான் முதல் தலைவர். பெரிய படத்தில் பெரிய எண்ணம் இருக்க வேண்டும், மனிதனை அன்றாடத்தில் இருந்து தூக்கிக் காட்ட வேண்டும் என்று மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் உரையாற்றினார். அவர் சொன்னதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒரு பெரிய மாளிகைக் கூடத்தில் இருபதடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது தேவைதான்.

இருவரையும் ஒப்பிட்டு 1759-லேயே ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் ஒரு கடிதம் எழுதினார். ரெனால்ட்ஸிடம் துணிச்சலும் புயல் போன்ற நிறமும் உண்டு, ராம்சே முழுக்க மென்மை, பெண்களை வரையப் பிறந்தவர் ராம்சேதான் என்பது அவர் கருத்து. நானும் அதே கட்சி.

இன்னொருவர் ஆர்தர் டேவிஸ். பிரெஸ்டன் ஊர்க்காரர், 1712-ல் பிறந்தவர். இவர் வரைந்தது பெரும்பாலும் பிரபுக்களுக்கு ஒரு படி கீழே இருந்த நிலச்சுவான்தார்களையும் வியாபாரிகளையும். சின்னச் சின்ன உருவங்கள், பெரிய வெற்று அறை, பளபளக்கும் தரை, ஒரு நாற்காலி, ஒரு மேசை. ஆட்கள் பொம்மை மாதிரி விறைப்பாக இருக்கிறார்கள் என்று குறை சொல்வார்கள். எனக்கு அந்த வெற்றிடம் பிடிக்கும். அவர் 1751-ல் வரைந்த ஜேம்ஸ் குடும்பப் படம் லண்டன் டேட் கூடத்தில் இருக்கிறது. குடும்பத் தலைவர் ராபர்ட் ஜேம்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் செயலாளர். அவர் கையெழுத்துப் போட்ட கடிதங்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்த காலம், இங்கே கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த அதே 1751. படத்தில் அதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. மனைவி, இரண்டு மகள்கள், ஒரு தோட்டம்.

ஏன் அடக்கம் என்றால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் சிரமப்படாமல் இருப்பதே மேன்மக்களின் அடையாளமாகக் கருதப்பட்டது. எப்படி நிற்பது, எப்படித் தொப்பியைக் கழற்றுவது, கையை எங்கே வைப்பது என்று சொல்லித்தர நடன ஆசிரியர்கள் இருந்தார்கள். 1737-ல் நிவலோன் என்பவர் இதற்காகவே படம் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தக் காலப் படங்களில் ஆண்கள் ஒரு கையை வெயிஸ்ட்கோட்டுக்குள் செருகி நிற்பதை நிறையப் பார்க்கலாம். அதுவும் அப்படிக் கற்றுக்கொண்டதுதான். தன் அந்தஸ்து எல்லோருக்கும் தெரியும் என்று நம்பும் மனிதன் அதைக் கூவிச் சொல்ல மாட்டான். ஓவியனும் அதற்கு ஏற்றபடி குரலைத் தாழ்த்தினான்.

இதே ராம்சேதான் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டுப் படத்தையும் வரைந்தார், தங்கமும் வெல்வெட்டும் எர்மைன் என்ற வெண்மயிர்த் தோலும் கொட்டிக் கிடக்கும் படம். தூதர்களுக்கும் கவர்னர்களுக்கும் அனுப்ப அவர் பட்டறையில் அதற்கு ஏராளமான பிரதிகள் எடுத்தார்கள். ஆக, அடக்கம் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே வழி என்று நினைக்காதீர்கள். எங்கே எது வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்.

அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள்?
– மளிகைக் கடைக்காரர், காவேரிப்பாக்கம்

அளவை வைத்துத்தான் விலை. லண்டன் கேன்வாஸ் கடைகளில் அளவுகள் ஏறக்குறைய நிலையாக இருந்தன. தலையும் தோளும் மட்டும் என்றால் 30க்கு 25 அங்குலம். கையும் தெரிய வேண்டும் என்றால் 36க்கு 28. இடுப்புக்குக் கீழே வரை 50க்கு 40. ஆளுயரம் என்றால் 94க்கு 58. ரெனால்ட்ஸ் 1760-களின் நடுவில் தலைக்கு 30 கினி, ஆளுயரத்துக்கு 150 கினி வாங்கினார். 1780-களில் அது 50, 200 என்று ஏறிவிட்டது. கினி என்றால் 21 ஷில்லிங். முதல் முறை வந்து உட்காரும்போதே பாதிப் பணத்தை வாங்கிவிடுவார். நல்ல பழக்கம். மார்கரெட் படம் தலை அளவுக் கேன்வாஸில்தான் இருக்கிறது, அந்தச் சின்ன இடத்துக்குள்தான் கையையும் பூவையும் ஜாடியையும் கொண்டுவந்திருக்கிறார்.

எங்கள் ஊர் நவாப் வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். அவரை இந்த ஆங்கில ஓவியர்கள் யாராவது வரைந்ததுண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வாலாஜாபேட்டை

உண்டு ஐயா, ஒருவருக்கு இருவராக.

முகமது அலி வாலாஜாவின் அப்பா அன்வருதீன் 1749-ல் நம் ஆம்பூர்ச் சண்டையில் இறந்துபோனார். மகன் பல ஆண்டுகள் கம்பெனியின் துணையோடு பட்டத்துக்காகப் போராடி, பிறகு ஆற்காட்டை விட்டுச் சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு குடியேறினார். 1769-ல் டில்லி கெட்டில் என்ற ஓவியர் லண்டனில் இருந்து சென்னைக்கு வந்து இறங்கினார். பேர் பெற்ற ஆங்கில உருவப்பட ஓவியர்களில் முதலில் இந்தியாவுக்கு வந்தவர் இவர்தான். நவாபை வரைந்தார். நவாபும் ஐந்து மகன்களும் சேர்ந்த படம் ஒன்று 1771-ல் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கெட்டில் வடக்கே போன பிறகு 1774-ல் ஜார்ஜ் வில்லிசன் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனி டைரக்டர் ஒருவரின் மருமான். ஆறு ஆண்டுகள் சென்னையில் இருந்து நவாபைப் பல முறை வரைந்தார்.

இந்தப் படங்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நவாப் வெள்ளை மஸ்லின் அங்கியில் இருக்கிறார், மேலே முத்துச் சரங்கள், கையில் வாள். நகை இல்லாமல் இல்லை, நிறைய இருக்கிறது. ஆனாலும் அந்த வெள்ளை அங்கிதான் படத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, முகம் அதன் மேல் தனியாக நிற்கிறது. இங்கிலாந்து ஓவியன் தன் ஊர்ப் பிரபுவுக்குப் பழகிய இலக்கணத்தோடு வந்தான், நம் தட்பவெப்பத்துக்கும் தர்பாருக்கும் ஏற்ற உடை அவனுக்கு வேறொரு அடக்கத்தைக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். தன் படத்தை லண்டனுக்கு அனுப்புவது நவாபுக்கு ராஜதந்திரமும்கூட. கம்பெனியைத் தாண்டி நேராக மன்னரிடம் பேச விரும்பியவர் அவர்.

இங்கேதான் சென்ற இதழ்ப் படத்துக்கும் உங்கள் ஊருக்கும் ஒரு நூல் ஓடுகிறது. ரோஜாவோடு திரும்பிப் பார்க்கும் மார்கரெட்டுக்கு ஜான் லிண்ட்சே என்று ஒரு தம்பி. கடற்படை அதிகாரி. ராம்சே தன் மைத்துனரையும் வரைந்திருக்கிறார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தன் சொந்தப் பிரதிநிதியாக நவாபிடம் அனுப்பியது இந்த ஜான் லிண்ட்சேயைத்தான். 1770-ல் அவர் மன்னரின் கடிதத்தோடு சேப்பாக்கத்துக்கு வந்தார். கம்பெனியின் சென்னைக் கவுன்சிலுக்கு இது பிடிக்கவில்லை, பெரிய தகராறு ஆயிற்று, கொஞ்ச காலத்தில் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதே 1770-ல் கெட்டிலும் சென்னையில் இருந்தார். பூ அடுக்கும் அந்த அமைதியான அறைக்கும் நம் நவாபின் தர்பாருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான்.

அடக்கமான அறைகளைப் பார்க்கும்போது காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. நவாப் கம்பெனி ஆட்களிடம் கடன் மேல் கடன் வாங்கினார். வட்டிக்கு ஈடாக ஆற்காட்டுச் சீமையின் கிராம வரியை எழுதிக்கொடுத்தார். அந்த வரியைக் கட்டியவர்கள் நம் பாலாற்றுக் கரைக் குடியானவர்கள். எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் இங்கிலாந்துப் பார்லிமென்டில் இந்த ஆற்காட்டுக் கடன்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். அந்த பர்க்கையும் அவர் நண்பர் ரெனால்ட்ஸ் வரைந்திருக்கிறார்.

பட்டுத் துணியை அவர்கள் வரைந்திருப்பதைப் பார்த்தால் கையை வைத்துத் தடவலாம் போல இருக்கிறது. ஒரு ஜரிகை இல்லாமல் அந்த மினுக்கம் எப்படி வருகிறது? ஓவியரே துணியையும் வரைவாரா?
– பட்டு நெசவாளர், ஆரணி

தறியில் உட்காருகிறவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பல பேர் துணியைத் தாங்களே வரையவில்லை. லண்டனில் துணி வரைவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் ஆன்ட்வெர்ப்பில் இருந்து வந்த ஜோசப் வான் ஆகன். முகத்தை முடித்துக் கேன்வாஸை இவரிடம் அனுப்புவார்கள். இவர் சட்டை, கவுன், லேஸ் எல்லாம் போட்டுத் திருப்பி அனுப்புவார். இளவயது ராம்சேயும் அவருக்குப் போட்டியாளரான தாமஸ் ஹட்சனும் ஒரே வான் ஆகனிடம்தான் கொடுத்தார்கள். 1749-ல் வான் ஆகன் இறந்தபோது, லண்டன் ஓவியர்கள் எல்லாம் அழுதுகொண்டு பாடை பின்னால் போவதாக ஹோகார்த் என்ற ஓவியர் ஒரு கேலிப்படம் போட்டார். அதன் பிறகு ராம்சே உடையிலும் கையிலும் எடுத்துக்கொண்ட கவனம் அபாரம். ஒரு மணிக்கட்டு, ஒரு லேஸ் மடிப்பு என்று தனித்தனியாகச் சாக்கட்டியில் பயிற்சிப் படங்கள் போட்டார். அவை எடின்பரோவில் நிறைய இருக்கின்றன. முடிந்த படங்களைவிட எனக்கு அவை ஒரு படி மேல்.

டேவிஸ் வேறு வழி வைத்திருந்தார். ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் மூட்டுகள் மடங்கும் ஒரு மர பொம்மை. அதற்கு ஆண் உடையும் பெண் உடையும் தைத்து வைத்திருந்தார். அதை உட்கார வைத்தே துணி மடிப்பை வரைவார். அதனால்தான் வேறு வேறு குடும்பத்துப் பெண்கள் அவர் படங்களில் ஒரே கவுனில் வருகிறார்கள். அதே காலத்து இன்னொரு ஓவியர் கெயின்ஸ்பரோ மட்டும் பெரும்பாலும் தன் கையாலேயே எல்லாவற்றையும் வரைந்தவர். முகமும் துணியும் மரமும் ஒரே மூச்சில் ஓடும்.

இப்போது மினுக்கம். பட்டின் பளபளப்பு நிறத்தில் இல்லை, வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் வருகிறது என்பதில் இருக்கிறது. பருத்தித் துணியில் வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாக மாறும். பட்டில் மடிப்பின் முதுகில் பளிச்சென்று ஒரு கோடு, அதை ஒட்டியே ஆழமான நிழல். அந்த நிழலுக்குள் மறுபடி ஒரு மங்கலான வெளிச்சம், பக்கத்து மடிப்பில் பட்டுத் திரும்பி வருவது. இந்த மூன்றையும் சரியான இடத்தில் வைத்துவிட்டால் சாம்பல் நிறத்திலேயே பட்டு வந்துவிடும். கெயின்ஸ்பரோவின் பிரஷ் ஓட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கீறல் கீறலாக இருக்கும், நாலடி தள்ளி வந்தால் துணி அசையும்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்லலாம். உடல் முழுக்க புட்டா அடித்த சேலையில் பார்டர் தெரியாது. உடலை வெறுமையாக விட்டால்தான் இரண்டு விரல் ஜரிகையும் பேசும். ராம்சே படத்தில் பின்னணியும் கவுனும் அந்த உடல், முகமும் கையும் பார்டர்.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் நம் வேலூர்க் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களை வரைந்த படங்கள் எல்லாம் பிணைக்கைதிகளாகப் போகும் காட்சியாகவே இருக்கின்றனவே?
– வாசகர், கொசப்பேட்டை, வேலூர்

அந்தக் காட்சி 1792-ல் நடந்தது. கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் இரண்டு சிறு பையன்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். அதை வரையாத ஆங்கில ஓவியர் குறைவு. ராபர்ட் ஹோம் வரைந்ததில் கூட்டத்தோடு கூட்டமாகத் தன்னையும் ஓர் ஓரத்தில் சேர்த்துக்கொண்டார். நான் மேலே சொன்ன டேவிஸின் மகன் ஆர்தர் வில்லியம் டேவிஸும் இந்தியாவுக்கு வந்து இதே காட்சியை வரைந்தார். அப்பா வெற்று அறையில் நான்கு பேரை உட்கார வைத்தவர், மகன் ஒரு சேனையையே நிறுத்தினார். அந்தப் படங்கள் எல்லாம் காரன்வாலிஸின் பெருந்தன்மையைச் சொல்ல வந்தவை. பையன்களின் முகம் அதில் ஒரு கருவி.

நீங்கள் தேட வேண்டிய பெயர் தாமஸ் ஹிக்கி. அயர்லாந்துக்காரர். 1798-ல் சென்னைக்கு வந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்புவின் குடும்பத்தை வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 1801-ல் ஹிக்கி திப்புவின் மகன்களைத் தனித்தனியாக வரைந்தார். யானை இல்லை, பீரங்கி இல்லை, காரன்வாலிஸ் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மகனுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு ஒவ்வொருவருக்கும் ஒரு படம். வென்றவர்களின் செலவில், வென்றவர்களின் மாளிகைச் சுவருக்காக வரைந்தவைதான். ஆனாலும் அவற்றில் அவர்களை ஆட்களாகப் பார்க்க முடிகிறது. ஐந்தே ஆண்டு கழித்து, 1806 ஜூலை 10-ஆம் தேதி கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, இந்த மகன்களின் பெயர்கள்தான் விசாரணையில் அடிபட்டன, குடும்பத்தையே கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கோட்டைக்குள் நடக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது ஹிக்கியின் படங்கள்தான், ஹோமின் படம் வராது.

பிரபுக்கள் குடும்பப் படங்களில் வேலைக்காரர்களாகவாவது நம் ஆட்கள் உண்டா?
– செவிலியர், வேலூர்

ரெனால்ட்ஸ் 1765–66-ல் வரைந்த ஒரு குடும்பப் படம் பெர்லினில் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் உறவினர் ஜார்ஜ் கிளைவ், மனைவி, குழந்தை. குழந்தைக்கு இந்திய உடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறாள் ஒரு பெண். படத்தின் தலைப்பில் ‘இந்தியப் பணிப்பெண்’ என்று மட்டும் வரும். ஜோடனை நிறைந்த அந்தப் படத்தில் அடக்கமாக வரையப்பட்ட முகம் அவளுடையது. நான் அந்தப் படத்தை எடுத்தால் அவளைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று, மேலே சொன்ன ஜான் லிண்ட்சேயின் மகள் டைடோ எலிசபெத் பெல். தாய் ஆப்பிரிக்க அடிமைப் பெண். டைடோ மேன்ஸ்பீல்டு பிரபுவின் வீட்டில் வளர்ந்தாள். 1770-களின் பிற்பகுதியில் அவளையும் அந்த வீட்டில் வளர்ந்த இன்னொரு பெண்ணையும் சேர்த்து, ராம்சேயிடம் தொழில் கற்ற டேவிட் மார்ட்டின் வரைந்தார். இருவரும் ஒரே கேன்வாஸில், ஏறக்குறைய ஒரே உயரத்தில். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

இப்படிப்பட்ட படங்களைப் பார்க்க லண்டனுக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகி, போளூர்

சென்னை கோட்டை மியூசியத்துக்குப் போங்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குள், பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடம். மாடியில் மன்னர் குடும்பத்தினர், கவர்னர்கள், தளபதிகள் என்று ஆளுயர எண்ணெய் ஓவியங்கள் தொங்குகின்றன. பெரும்பாலும் ஆடம்பர வகைதான். ஆனால் ஆயில் கேன்வாஸின் மேல்பரப்பை நேரில் பார்க்க வேண்டும், அச்சில் அது வராது. ஒரே படத்தை நாலடியில் இருந்தும் பதினைந்தடியில் இருந்தும் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

நான் போட்டோ பார்த்து ஆயில் பெயிண்டிங் செய்கிறேன். இறந்துபோன அப்பா, தாத்தா படம்தான் அதிகம். பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொடுத்துவிட்டு ‘கழுத்துல செயின் போடு, கையில மோதிரம் போடு, கொஞ்சம் சிகப்பா போடு, பின்னாடி அரண்மனை மாதிரி ஸ்கிரீன் போடு’ என்கிறார்கள். நீங்கள் எழுதும் அடக்கமெல்லாம் எங்களுக்கு எப்படிக் கட்டுப்படி ஆகும்?
– இளம் ஓவியர், ராணிப்பேட்டை

தம்பி, நான் இந்த வரிசையில் எழுத நினைத்ததே உங்களுக்காகத்தான்.

அவர்கள் கேட்பதில் அன்பு இருக்கிறது, அதை முதலில் மதியுங்கள். உயிரோடு இருந்தபோது வாங்கிக் கொடுக்க முடியாத செயினைப் படத்திலாவது போட்டுவிட வேண்டும் என்று மகன் நினைக்கிறான். அதை மறுத்து அனுப்பாதீர்கள். ஆனால் சிகப்பாகப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் அம்மா வந்து பார்த்தால் இது அவர் என்று சொல்வார்களா? அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் நிறத்தை மாற்றச் சொன்னதில்லை. வெயிலில் நின்று உழைத்த மனிதரின் நெற்றிக்கும், சட்டைக் காலருக்குக் கீழே மறைந்த கழுத்துக்கும் இரண்டு நிறம் இருக்கும். அதைப் போட்டால் வீட்டுக்காரர்கள் அழுதுவிடுவார்கள்.

செயினைப் பற்றி. தங்கத்தில் ஒன்றே ஒன்று என்று பேசி முடியுங்கள். செயின் என்றால் மோதிரம் வேண்டாம். அதையும் நிழல் பக்கத்தில் பாதி மறையும்படி வைத்து, யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சளிலும் பிரவுனிலும் முடித்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் மஞ்சள் வெளிச்சப் புள்ளி வையுங்கள். தங்கப் பெயிண்ட் தொடாதீர்கள். அது வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பி முகத்தைக் கொன்றுவிடும்.

ஸ்கிரீனுக்குப் பதிலாக என்ன கொடுப்பது? பேசிப் பார்க்காதீர்கள், வரைந்து காட்டுங்கள். உள்ளங்கை அளவில் இரண்டு சின்னப் படம், ஒன்றில் ஸ்கிரீன், இன்னொன்றில் வெறும் சாம்பல். இரண்டையும் கடையின் எதிர்ப்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டு, வாடிக்கையாளரைத் தெருவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் சாம்பலைத்தான் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து அப்பா தெரிகிறார் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். ஸ்கிரீனையே கேட்டவர்களுக்கு ஸ்கிரீனைக் கொடுத்தேன், ஆனால் முகத்தைவிட இரண்டு ஷேடு இருட்டாக.

கட்டுப்படி ஆவதைப் பற்றி: ஸ்கிரீனுக்கும் நகைக்கும் போகும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தைக் கண்ணுக்கும் வாய் ஓரத்துக்கும் கொடுத்தால் விலை குறைக்க வேண்டியதில்லை. ராம்சே கடைசியில் கையில் அடிபட்டு 1773க்குப் பிறகு வரைவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். அதுவரை அவருக்கு வேலை குறையவே இல்லை.

முறை ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். ராம்சே இத்தாலியில் கற்றுக்கொண்டு வந்த பழக்கம், முகத்தை முதலில் சிவப்பு நிறத்தில் முழுக்க வரைந்து, காய்ந்த பிறகு அதன் மேல் தோல் நிறத்தை மெல்லியதாகப் போடுவது. அடியில் இருக்கும் சிவப்பு மேலே வந்து ரத்த ஓட்டம் தெரியும். நம் மாநிறத்துக்கு அந்தச் சிவப்பு அதிகம். நான் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை டர்பன்டைனில் தளர்த்தி அடிப்படம் போடுவேன். அதிலேயே நிழல் எல்லாம் முடிந்துவிட வேண்டும். ஒரு வாரம் காய விட்டு, மேலே யெல்லோ ஆக்கர், வெள்ளை, துளி அல்ட்ராமரின் நீலம். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மட்டும் தடிப்பாக, கன்னத்தின் நிழல் பக்கத்தில் அடிப்படம் அப்படியே தெரியட்டும்.

சட்டை வெள்ளைதானே என்று டியூபில் இருந்து அப்படியே எடுக்காதீர்கள். சட்டைக்கு ரா அம்பர் என்ற பழுப்பு கலந்த வெள்ளை. கலப்பில்லாத வெள்ளை படம் முழுக்க இரண்டே இடத்தில், இரண்டு கண்ணிலும் ஊசி முனை அளவு. திருநீறு போட்டிருந்தால் அதற்கும் கலந்த வெள்ளைதான், இல்லையென்றால் கண்ணைவிட அது முன்னால் வந்து நிற்கும். பின்னணிக்கு ரா அம்பரும் அல்ட்ராமரினும் வெள்ளையும். வெளிச்சம் விழும் கன்னத்துக்குப் பின்னால் கொஞ்சம் இருட்டாகவும், நிழல் கன்னத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சமாகவும் போடுங்கள். நிழல் பக்கத்து விளிம்பை ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷால் ஒரு முறை தடவி இளக்கிவிடுங்கள். வார்னிஷுக்கு அவசரப்பட வேண்டாம், நம் ஊர் வெயிலிலும் ஆறு மாதம் விடுங்கள். படத்தை இப்போதே கொடுத்துவிட்டு, தை மாதம் கொண்டுவாருங்கள், வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.